ஹால்டேன் வாத்தியாரின் சலசலப்பு

மூன்று வாரமாக இஷ்பெல் ராட்ரே விடிந்ததும் முதல் வேலையாக ஓடையில் இறங்கினாள். மரத்தைக் கொறித்துச் சாய்த்து ஓடையை மறிக்கும் பீவர் என்ற விலங்குகள் கட்டிய அணைக்குள் பதித்திருந்த குழாயின் வாயைச் சேறும் குச்சியும் அடைத்திருக்கும். அள்ளி வெளியே போடுவாள். மறுநாள் பார்த்தால் மறுபடி அடைத்து வைத்திருக்கும். ஏறிய தண்ணீர் அவளுடைய உருளைக்கிழங்கு வயலில் கால்வாசியை முழுங்கிவிட்டது. செடியைப் பிடுங்கினால் கிழங்கு கையிலேயே குழைந்தது.

ஏழு வருஷமாக அந்த வயல் மூழ்கியபோது ஒரு நாதியும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது டேசைடு வட்டாரம் முழுக்கப் பீவர் பைத்தியம். பீவர் படம் போட்ட கோப்பை, பீவர் பிஸ்கட், சனிக்கிழமைதோறும் பீவர் பார்க்கும் நடை. நடத்துபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் லார்ன் ஹால்டேன். அணையை இடிக்காமல் தண்ணீரைக் குறைக்கக் குழாய் பதித்தது அவருடைய சங்கம்தான். நல்ல காரியம், அதை இஷ்பெல் மறுக்கவில்லை. அத்தோடு விட்டாரா மனுஷன்? வருகிறவர்கள் கேட்டு ரசிக்கட்டும் என்று, மூன்று வாரத்துக்கு முன் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் கல்லை அடுக்கிச் சலசலவென்று ஓசை வரவைத்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்கிற இடத்தை அடைப்பதுதான் பீவரின் பிழைப்பே. ஊர் ஊராகப் போய்ப் பீவரைப் பற்றிப் பேசுகிறவருக்கு இதுகூடவா தெரியாது என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இரண்டு முறை சொல்லியும் பார்த்தாள். ஓசையைப் பற்றித் துண்டுப் பிரசுரத்தில் அச்சாகிவிட்டதே என்று அவர் சிரித்து மழுப்பினார்.

கடைசியில் மனசே இல்லாமல், பீவர்களைச் சுடுவதற்கு அரசாங்கத்திடம் அனுமதி கேட்டு எழுதினாள். கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை துப்பாக்கிக்காரர் வருகிறார்.

விஷயம் எப்படியோ கசிந்து, அந்தச் சனிக்கிழமை ஹால்டேனோடு நாற்பது பேர் ஓடைக்கரையில் வந்து நின்றார்கள். ஒருத்தி அவளைக் கொலைகாரி என்றே சொல்லிவிட்டாள். மனுஷ ஜென்மத்துக்குக் கொஞ்சம் இரக்கம் வேண்டும் என்று ஹால்டேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இரக்கத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க வாத்தியாரே," என்றாள் இஷ்பெல். "ஒண்ணு, இந்த ஓடையில உங்க சலசலப்பு இருக்கணும். இல்லன்னா பீவர் இருக்கணும். எது வேணும்னு இப்பவே சொல்லுங்க."

அவர் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேல் வரிசைக் கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டார்.

அவ்வளவுதான். அவள் விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கி, கற்களைப் பெயர்த்துக் கரையில் வீசினாள். யார் கால்சட்டையில் சேறு தெறித்ததோ, அவளுக்கென்ன. கடைசிக் கல்லும் போனதும் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. உடனே ஹால்டேன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஒரு விவசாயியே நம் பக்கம் வந்துவிட்டார் பாருங்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை குழாய் திறந்திருந்தால் வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். அன்று காலை ஆறு மணிக்கு வந்து, அடைப்பு இருந்தால் எடுக்கவேண்டியது ஹால்டேன் பொறுப்பு.

"திங்கக்கிழமை காலையில எனக்கு ரேடியோவுல பேச்சு இருக்கே," என்றார் அவர்.

"எதைப் பத்தி?"

"பீவரோட சேர்ந்து வாழ்றது பத்தி."

"அப்ப பேசறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது வாழ்ந்து பாருங்க," என்றாள் இஷ்பெல். "அடைப்பை எப்படி எடுக்கறதுன்னு இப்பவே காட்டறேன். ம், தண்ணியில இறங்குங்க."