பால் சுண்டாத ஆல்பம்

எங்கள் கடையில் கேசட்டே வாங்காமல் கேசட்டைப் பற்றித் தீர்ப்பு மட்டும் சொல்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நம்பி, இன்னொருவர் ஸுந்தரராஜன். என் அண்ணன் கபீரின் செலவில் இவர்கள் குடித்த டீயையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் ஊர்த் திருமுக்குளம் ஒரு தடவை நிரம்பியிருக்கும்.

1992-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கபீர் ரெக்கார்டிங் சென்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு வெளியே கல்லாவில் அண்ணன். அவன் தலைக்கு மேலே, வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு டேப் டெக். திரைக்கு உள்ளே இரண்டு டெக், அவற்றுக்கு முன்னால் நான். என் பெயர் ஹபீபுன்னிசா. கடையில் விற்ற ஒவ்வொரு பாட்டையும் பதிந்தவள் நான்தான். போர்டில் அண்ணன் பெயர் இருந்தது. அழகான எழுத்துதான், குறை சொல்ல மாட்டேன்.

மாமா மகன் ஜமால் துபாயில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தான். அங்கே விற்பது இங்கேயும் விற்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் ஊருக்கு வருகிற ஆள் கையிலெல்லாம் புதிதாக வந்த ஹெவி மெட்டல், ஹார்ட்கோர் என்கிற இங்கிலீஷ் அலறல் பாட்டுக் கேசட்டுகளைக் கொடுத்து அனுப்புவான். விசித்திரம் என்னவென்றால், அது இங்கே விற்கவும் செய்தது. பாலிடெக்னிக் பையன்கள் வந்தார்கள், ராஜபாளையத்து மில்களிலிருந்து அப்ரண்டிஸ்கள் வந்தார்கள். எல்லோரும் வந்து முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சார் ரெண்டு பேரும் என்ன சொன்னாவ?"

நம்பிக்குக் கோயில் கைங்கரியக் குடும்பம். அவரோ பி.எஸ்ஸி முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்தார். அரசாங்கமும் அவசரப்படவில்லை. இந்த ஊரில் பிறந்த நாக்கு ஆனதால் எந்த ஆல்பத்தையும் பால்கோவாவாகத்தான் அவரால் பார்க்க முடியும். "நன்னா சுண்டியிருக்கு பாய், அடி பிடிக்கவே இல்லை" என்றால் ஆல்பம் பாஸ். ஸுந்தரராஜன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கணக்கர். அவருக்கு எல்லாம் நூல். இருபதாம் கவுண்ட் என்றால் தடித்த நூல், கனமான ஆல்பம், வாங்கலாம். எண்பதாம் கவுண்ட் என்றால் மெல்லிய இழை, வேட்டிக்கு ஆகும், ஹெவி மெட்டலுக்கு ஆகாது. வேலை விட்டதும் பஸ் ஏறி வந்து பெஞ்சில் உட்காருவார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிற அழகைத் திரை இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன். பல்வலிக்காரர்கள் டாக்டருக்குக் காத்திருப்பது மாதிரி இருக்கும்.

அந்த ஆடியில் ஜமால் ஒரு கேசட் அனுப்பினான். பேண்டின் பெயர் பிளாக் ஃபர்னஸ், ஆல்பத்தின் பெயர் 'நோ வாட்டர்'. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உள் டெக்கில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டும் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்தான். ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான், டிரம் அவனைத் துரத்துகிறது, அவன் பிடிபடவே மாட்டேன் என்கிறான். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். மீதிப் பாதி புரிய வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வீட்டில் பெண்பிள்ளை சத்தமாகச் சிரித்தாலே "தெருவுக்குக் கேக்குது" என்பார்கள். எனக்காக எவனோ ஒருத்தன் அமெரிக்காவில் இருந்துகொண்டு கத்தியிருக்கிறான் என்று நினைத்தேன். அப்படிப் பிடித்தது எனக்கு. வேறு எந்தக் கேசட்டும் அப்படிப் பிடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெஞ்சில் தீர்ப்பு நடந்தது. அண்ணன் வெளி டெக்கில் போட்டான். இரண்டாவது பாட்டிலேயே நம்பி கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்ன பாய் இது, பால் சுண்டவே இல்லையே! அடுப்புல வெச்சான், இறக்கிட்டான். என்ன அவசரம் இவாளுக்கு?"

"நூலு மெலிஞ்சு போச்சு," என்றார் ஸுந்தரராஜன். "இவனுவளோட போன ஆல்பம் எம்புட்டு கனம்! இது எண்பதாம் கவுண்ட். காசு சேந்துருச்சுல்லா, இனி இப்பிடித்தான் ஓடுவான்."

"போன ஆல்பத்துல ஒரு நிதானம் இருந்தது. ஒரு யானை நடந்து வர்ற மாதிரி."

"இப்ப கோழி ஓடுது."

இரண்டு பேரும் தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டு டீ குடித்தார்கள். பெஞ்சைச் சுற்றி நின்ற பையன்கள் கோழி என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கலைந்து போனார்கள். ஒருத்தன்கூட ஆர்டர் கொடுக்கவில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துபாய் கேசட் வந்து அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள் ஒரு ஆர்டராவது வரவேண்டும். வரவில்லை என்றால் அண்ணன் தொழுதுவிட்டு வந்து, கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு ஓட்டையிலும் காகிதத்தை ஒட்டி என்னிடம் நீட்டுவான்; ஓட்டையை அடைத்தால்தான் பழையதை அழித்துப் புதிது பதியும். அதன்மேல் யாராவது கேட்ட சினிமாப் பாட்டைப் பதிந்துவிட வேண்டும். "ஃபாரின் டேப்பு, வீணாக்கக் கூடாதுட்டி" என்பான். 'நோ வாட்டர்' இருந்த இடத்தில் வளைகாப்புப் பாட்டு வந்து உட்காரும். அதையும் நானே என் கையால் செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் ஒரு விஷயம் நடந்தது. நம்பி வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று பிளாக் ஃபர்னஸின் பழைய ஆல்பத்தை, அந்த யானை ஆல்பத்தை, வெளி டெக்கில் போடச் சொன்னார். போட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"இதுவும் ஓடறதே பாய்! டேப் கெட்டுப் போச்சு போலிருக்கு."

நான் திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக் கேட்டேன். டேப் கெடவே இல்லை. உள் டெக்கில் நான் எப்போதும் கேட்கிற அதே வேகம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெளி டெக் டேப்பைத் தின்கிறது என்று சனிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ரேடியோ மெக்கானிக் கண்ணுச்சாமி வந்து பழுது பார்த்தார். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் இத்தனை வருஷம் வெயிலில் தொய்ந்து மாட்டு வால் மாதிரி தொங்கியதைக் காட்டிவிட்டுப் புது பெல்ட் போட்டுவிட்டுப் போனார். யா அல்லா! இத்தனை வருஷமாக இந்த இரண்டு மேதைகளும் ரசித்த கனமும், நிதானமும், யானை நடையும், இருபதாம் கவுண்டும் தொய்ந்த பெல்ட்டுதான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆல்பத்தைச் சரியாகக் கேட்டார்கள், அதைக் கோழி என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு மதியம் அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"ஏட்டி, போ," என்றான் அவன். "அவிய ரெண்டு பேரும் டிகிரி படிச்சவிய. பெல்ட்டுக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருப்பாவ?"

"தெரியலையே. அதத்தான சொல்லுதேன்."

"சரி, உனக்குப் பிடிச்சிருக்கு, அவியளுக்குப் பிடிக்கல. யாரு சொன்னா நாலு ஆர்டர் வரும்? நீ சொன்னா வருமா?" என்று கேட்டுவிட்டு ரசம் கேட்டான். ரசத்தை ஊற்றினேன். தலையில் ஊற்றியிருக்கலாம்.

வியாழக்கிழமை வரை ஒரு ஆர்டரும் வரவில்லை. மதியம் அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டான். கடைக் கதவு சாத்தியிருந்தது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன், வெளி டெக்கை இறக்கி மூடியைக் கழற்றினேன். மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணி. சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு இடப்பக்கம் திருகினேன். பழைய ஆல்பத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டே திருகினேன். யானை வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பெஞ்சுக்கு வந்ததும் 'நோ வாட்டர்' கேசட்டைத் திரை வழியாக நீட்டினேன். "நாளைக்கு அழிக்கணும்லா, டேப்பு நல்லா இருக்கான்னு ஒரு தடவ ஓட்டிப் பாரு" என்றேன். அண்ணன் போட்டான். என் ஆல்பம் சோற்று மயக்கத்தில் எழுந்து வருகிற ஆள் மாதிரி வந்தது. கத்துகிறவன் குரல் தடித்துக் குழறியது. கேட்கச் சகிக்கவில்லை. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

வெளியே இரண்டு பேருக்கும் கண்கள் மூடியிருக்க வேண்டும்.

"பாய்," என்றார் நம்பி மெதுவாக. "சில ஆல்பம் முதல் தடவை பிடிபடாது. உள்ளே இறங்க நேரம் எடுத்துக்கும்."

"நானும் அதத்தான் நெனச்சேன்," என்றார் ஸுந்தரராஜன். "ஞாயித்துக்கிழமையே எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்கு வெளிய ஒரே பஸ் சத்தம், காதுல சரியா விழல. இது இருபதாம் கவுண்டுதான். பத்துன்னும் சொல்லலாம்."

"என்னமா சுண்டியிருக்கு!"

மறுநாள் ஜும்மாவுக்கு முன்னாலேயே ஆர்டர்கள் வந்து குவிந்தன. அண்ணன் கேசட்டின் ஓட்டையில் காகிதம் ஒட்டவில்லை. நான் உள் டெக்கில் சரியான வேகத்தில் ஒவ்வொன்றாகப் பதிந்து அனுப்பினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் சாயங்காலம் வெளியே அந்த மந்தமான ஊளை ஓடும், இரண்டு மேதைகளும் ஆகா ஆகா என்பார்கள். என் ஆல்பத்தைக் காப்பாற்ற நானே அதைக் கொன்று பெஞ்சில் கிடத்தியிருக்கிறேன் என்று பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வாரம் வேங்கடேசன் என்கிற பாலிடெக்னிக் பையன் அவனுடைய கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"பாய், இங்க கேட்டா யானை கணக்கா இருக்கு. வீட்ல போட்டா தலைதெறிக்க ஓடுதே?"

நம்பி சிரித்தார். "உங்காத்துல கரண்ட் எப்படி? வோல்டேஜ் ஜாஸ்தியா வர்றதோ என்னவோ. மில் லைன்ல இருந்து வர்ற கரண்ட் முரட்டுத்தனமாத்தான் இருக்கும்."

"ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுலே," என்றார் ஸுந்தரராஜன்.

பி.எஸ்ஸியில் நம்பி எடுத்த பாடம் பிசிக்ஸ். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. ஆண்கள் இருக்கிற கடையில் என் குரல் திரையைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

"கரண்டும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல!" என்று கத்தினேன். "அவன் வீட்ல ஓடுறதுதான் நெசப் பாட்டு. வெளிய இருக்க டெக்க நான்தான் திருகி மெதுவாக்கி வச்சிருக்கேன். இம்புட்டு நாளும் நீங்க ரெண்டு பேரும் ரசிச்சது தொய்ஞ்சு போன பெல்ட்ட!"

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "கூமாப்பட்டி, கூமாப்பட்டி" என்று கூவுவது தெளிவாகக் கேட்டது. இனி இவர்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பாவம், எனக்கு விமர்சகர்களைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

"பாத்தீரா?" என்றார் ஸுந்தரராஜன். "அமெரிக்காக்காரன் விட்ட குறைய நம்மூருப் பிள்ளை சரி பண்ணிருக்கு."

"ஒரிஜினல்லயே பால் சுண்டலைன்னு நான் ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேனே," என்றார் நம்பி. "இந்தப் பொண்ணு சுண்ட வெச்சிருக்கா. இன்னொரு டீ சொல்லுங்கோ பாய்."

வேங்கடேசன் தன் கேசட்டை நீட்டினான். "அப்ப எனக்கும் சுண்ட வச்சே பதிஞ்சு தாங்க."

அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். திட்டப் போகிறான் என்று பார்த்தால் முகமெல்லாம் பல்.

"ஏட்டி, கெட்டிக்காரிட்டி நீ! இனிமே எல்லாத்தையும் வெளி டெக்குல ஓட்டி மெதுவாவே பதிஞ்சிரு. மெதுவா ஒரு காப்பி எடுத்துக்கிட்டு அந்த ஒரிஜினல எங்கிட்ட தா. அதான் யாருக்கும் வேண்டாமே, ஃபாரின் டேப்பு. ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்கு."

நான் உள் டெக்கிலிருந்து 'நோ வாட்டர்' கேசட்டை எடுத்தேன். தாவணித் தலைப்பில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். இரண்டு டெக்குக்கும் பிளக்கைப் பிடுங்கினேன்.

"கல்யாண ஆர்டர நீயே பதிஞ்சுக்கோ," என்றேன். "மெதுவா பதிஞ்சாலும் சரி, வேகமா பதிஞ்சாலும் சரி. நான் அடுப்படிக்குப் போறேன்."

"என்னட்டி, வெளயாடுறியா? எனக்கு இதுல எதத் தொட்டா எது ஓடும்னே தெரியாதே!"

"எனக்குத் தெரியும். அதான் சொல்லுதேன். யாருக்கும் வேண்டாம்னு சொன்னீயே, எனக்கு வேணும். இந்தக் கேசட்டு எனக்கு வேணும். இத நீ தொட்டீன்னா இனி இந்தக் கடையில ஒரு பாட்டு பதிய மாட்டேன்."

ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. வெளியே வேங்கடேசன் "பாய், எப்ப வரட்டும்?" என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ நின்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான், டெக்குகளைப் பார்த்தான், பிடுங்கிக் கிடந்த பிளக்கைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"சரி, அழிக்கல," என்றான். "வேலையப் பாரு."

"மொதல்ல பாட்டு. பொறவு வேலை."

பிளக்கைச் சொருகி, கேசட்டைப் போட்டு, உள் டெக்கின் சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்தேன். என் ஆள் சரியான வேகத்தில், தொண்டை கிழிய, திரையைத் தாண்டிக் கடைக்கும் கடையைத் தாண்டித் தெருவுக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"பாய், என்ன கண்றாவி இது, அந்தக் கோழியை நிறுத்தச் சொல்லுங்கோ!" என்று நம்பி வெளியே கூச்சலிட்டார்.

"அது வித்து காசாக்க இல்ல சாமி," என்றான் அண்ணன். "ஹபீபா கேக்குறா. நீங்க டீயக் குடிங்க."