பேசா மேட்டில் ஒரு சைக்கிள் போட்டி

எங்கள் ஹமாசேயில் சமதளம் என்று சொன்னால் அது துறைமுகம் மட்டும்தான். மீன் கூட்டுறவுச் சங்கம், நகராட்சி அலுவலகம், கடைத்தெரு எல்லாம் அந்தத் துண்டு நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மற்றதெல்லாம் மேலே. கோயில் மேலே, பெரும்பாலான வீடுகள் மேலே, குழந்தைகள் காப்பகம் அவற்றுக்கும் மேலே. மேலே போகும் நேர்வழிக்குப் பேசா மேடு என்று பெயர். ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கிப் பேச்சு நின்றுபோகும் என்பதால் எவரோ எப்போதோ வைத்தது.

கனாயே என்னோடு மீன் கொட்டகையில் வேலை பார்ப்பவள். முப்பத்து நான்கு வயது. புருஷன் சரக்குக் கப்பலில் இருக்கிறான், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. ஐந்து வயதில் ரிந்தாரோ, மூன்று வயதில் கொஹாரு. காலையில் இரண்டையும் சைக்கிளில் முன்னும் பின்னும் உட்காரவைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டே காப்பகம் வரை ஏறுவாள். விட்டுவிட்டுக் கீழே வந்து, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று கானாங்கெளுத்திக்கு ஐஸ் போடுவாள். சாயங்காலம் மறுபடி ஏற்றம். வேலை ஆரம்பிக்கும்போதே பாதி நாள் வேலை முடிந்தவள் மாதிரிதான் அவள் முகம் இருக்கும்.

டிசம்பர் மாத நகராட்சி இதழில் அந்த அறிவிப்பு வந்தது. மின்சார சைக்கிள் வாங்கும் ஊர்க்காரர்களுக்குப் பாதி விலையை நகராட்சியே தரும், எண்பதாயிரம் யென் வரைக்கும். ஒரே ஒரு நிபந்தனை. பிப்ரவரி கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் ஐம்பது பேராவது விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் திட்டமே கைவிடப்படும்.

இதழ் வந்த மறுநாள் காலை அலுவலகக் கதவு திறக்கும்போதே கனாயே, கையெழுத்துக்குப் பதில் இங்கே எல்லோரும் குத்தும் பெயர் முத்திரையோடு நின்றாள். அவளுடையது முதல் விண்ணப்பம். பிப்ரவரி பாதியில் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் பதினேழு.

அதற்குக் காரணம் இவாகிரி அண்ணன் என்றால் மிகையில்லை. கடைத்தெருவில் சாக்கே என்னும் அரிசி மது விற்கும் கடை வைத்திருப்பவர். இருபத்திரண்டு வருஷம் பந்தய சைக்கிள் வீரராக இருந்து பேர் வாங்கியவர். அறுபத்தொன்று ஆகியும் தொடை இரண்டும் மரத்தூண் மாதிரி இருக்கும். கடைக்குள் நுழைந்தால் அவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம்தான் முதலில் கண்ணில் படும். அவர் அந்த வண்டிக்குச் 'சோம்பேறி வண்டி' என்று பேர் வைத்துவிட்டார். அதற்கப்புறம் எவனுக்கு விண்ணப்பிக்கத் துணிச்சல் வரும்? எனக்கே வரவில்லை. கனாயே நாலு தடவை கேட்டும், எனக்கெதற்கு, நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஒரு நாள் ஆலங்கட்டி கலந்த மழை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே இருக்கும் வீட்டுக்குப் போகிற வழியில், சோயா சாறு வாங்க கனாயே அவர் கடைக்குள் போனாள். நானும் கூட இருந்தேன். நாலைந்து பேர் அடுப்பைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"என்ன கனாயே, நம்பர் ஒன்னு. உன் சோம்பேறி வண்டி வந்துடுச்சா?" என்றார் இவாகிரி. எல்லோரும் சிரித்தார்கள். "சாமி குடுத்த கால விட்டுட்டு பேட்டரிய நம்புற காலம் வந்துடுச்சு பாருங்க."

கனாயே தலைமுடியில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். "அண்ணே, உங்க காலு சாமி குடுத்தது. ஊருக்கே தெரியும். எங்களுக்குக் குடுத்தது சும்மா காலு."

"பழகினா எல்லாக் காலும் ஒன்னுதான்."

"அப்படியா? என் ரெண்டு புள்ளைங்களையும் உங்க சைக்கிள்ல வச்சுக்கிட்டு பேசா மேட்டுல காலைக் கீழ வைக்காம ஏறுங்க. நான் சோம்பேறி வண்டில பக்கத்துலயே வரேன். நீங்க முந்திட்டா என் விண்ணப்பத்த நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

சிரிப்பு நின்றது. உள்ளே இருந்து அவர் மனைவி சுமியே எட்டிப் பார்த்து, "வேணாங்க" என்றாள். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாள் சொல்லு" என்றார்.

இருட்டுவதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் நகராட்சியில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முனேத்தா கொட்டகைக்கே ஓடிவந்தான். இருபத்தெட்டு வயசுப் பையன், கூச்ச சுபாவம். தடுக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் கண்ணில் ஒரு மினுமினுப்பு. கடைசி நாளிலேயே வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, காவல் சாவடியில் சொல்லி அரை மணி நேரம் சாலையை மூடிவிடுகிறேன், மேட்டு உச்சியில் மேசை போட்டு விண்ணப்பத்தோடு நானே உட்காருகிறேன் என்று மூச்சு விடாமல் அடுக்கினான். ஒன்றே ஒன்று மட்டும் முடியாது என்றான். போட்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. பதிலுக்குப் பிள்ளைகளின் எடைக்கு அரிசி மூட்டை. இதைக் கேட்டு ரிந்தாரோ ஒரு மணி நேரம் அழுதான். கடைசியில் அவனுடைய மஞ்சள் தொப்பியை ஒரு மூட்டைக்கும் தங்கையின் தொப்பியை இன்னொரு மூட்டைக்கும் கட்டுவதாக ஒப்பந்தம் ஆனது.

இவாகிரியிடம் நீங்கள் சுமை இல்லாமலே வரலாம் என்று முனேத்தா சொல்லிப் பார்த்தானாம். அவளுக்கு எத்தனை மூட்டையோ எனக்கும் அத்தனை என்று அவர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று நானே அசந்துபோனேன். மேட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள். வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் பாதி. எவரோ ஆக்டோபஸ் உருண்டை சுட்டு விற்றார்கள். நான் கோயில் வளைவில் இடம் பிடித்தேன். அதுதான் மேட்டிலேயே செங்குத்தான இடம்.

கீழே விசில் ஊதியதும் ஒரு பெரிய சத்தம் எழும்பி மேலே உருண்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். இவாகிரி எழுந்து நின்று மிதிக்கிறார். முப்பத்து மூன்று கிலோ அரிசியோடு, கியர் இல்லாத பழைய கடை சைக்கிளில், அம்பு மாதிரி வருகிறார். உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த மனுஷனின் பந்தயத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த முதல் நூறு மீட்டரில் முழுசாகப் பார்த்துவிட்டேன். கனாயே பத்துப் பன்னிரண்டு மீட்டர் பின்னால், சீட்டில் உட்கார்ந்தபடியே, ஒரே சீராக வந்துகொண்டிருந்தாள். சைக்கிள் கடைக்காரர் இரவலாகக் கொடுத்த வண்டி. தொப்பி கட்டிய இரண்டு மூட்டைகளும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

வளைவுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது இவாகிரியின் முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது. இடதும் வலதுமாகச் சாலையின் அகலம் முழுக்க வளைத்து வளைத்து ஏறி என்னைத் தாண்டினார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. நானும் கத்தினேன், கனாயே என்னை மன்னிக்கட்டும்.

அந்த நேரம் பார்த்து அவள் என் எதிரே வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, தெருவில் போகிற போக்கில் கேட்பது மாதிரி கேட்டாள்: "அக்கா, அந்த முள்ளங்கி ஊறுகா இன்னும் இருக்கா? சாயங்காலம் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

பேசா மேட்டின் செங்குத்துச் சரிவில் ஒருத்தி ஊறுகாய் கேட்டுக்கொண்டு போகிறாள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அடுத்த நொடி அவள் இவாகிரியைத் தாண்டினாள். அவர் இன்னும் இரண்டு மிதி மிதித்தார். சைக்கிள் நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் விழாமல் சமாளித்தார். பிறகு அவருடைய வலது கால் தரையில் பட்டது.

நான் கனாயேயின் பின்னாலேயே மேலே ஓடினேன். உச்சியில் கைதட்டல், சத்தம், பிள்ளைகள் இரண்டும் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதிக்கின்றன. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். இவாகிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் நொண்டியபடி மேலே வந்தார். உதவ வந்தவர்களைக் கையால் விலக்கினார். கைதட்டல் அப்படியே அமுங்கியது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேசைக்குப் பின்னால் முனேத்தா பேனாவைப் பிடித்தபடி நின்றான். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. சிலர் இறங்கிப் போகவே ஆரம்பித்தார்கள்.

"ஜெயிச்சதே தப்பாப் போச்சோ அக்கா?" என்றாள் கனாயே மெதுவாக.

இவாகிரி சைக்கிளைக் கோயில் சுவரில் சாய்த்தார். மூச்சு அடங்கும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நேராக மேசைக்குப் போனார்.

"தம்பி, எங்க முத்திர குத்தணும்?"

முனேத்தா படிவத்தின் அடியை விரலால் காட்டினான். இவாகிரி சட்டைப் பையைத் தடவினார், காலி. சுமியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் கைப்பையில் இருந்து அவருடைய முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வீட்டில் இருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்துத் திரும்பினார். "ரெண்டு வருஷமா முட்டி போச்சு. மேல இருக்கறவங்க சரக்கு கேட்டுப் போன் பண்ணா, தீந்துபோச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். தீரல. தூக்கிட்டு ஏற முடியல. அவ்வளவுதான்."

மேட்டுத்தெருவில் குடியிருக்கும் நொமுரா தாத்தா நாற்காலியில் இருந்து தலையை நீட்டினார். "அப்போ புத்தாண்டுக்கு நான் கேட்டது?"

"இருந்துச்சு."

"அடப்பாவி. வேற கடைல வாங்கின கழுவு தண்ணியக் குடிச்சுல்ல நான் புது வருஷத்த ஆரம்பிச்சேன்."

அதோடு இறுக்கம் உடைந்தது. மேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், இவாகிரியும் சேர்ந்துதான். சிரிப்பு அடங்குவதற்குள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது.

ஆனால் முத்திரை? வேடிக்கை பார்க்க வந்தவன் எவன் முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வருவான்! மணி நாலு தாண்டிவிட்டது. ஊரே ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்கு ஓடியது, பாதிப்பேர் மேட்டில் இறங்கி. என்னுடையது கொட்டகையில், என் பெட்டிக்குள் இருந்தது. இந்த வயதில் இறங்கி, மறுபடி ஏறி, ஐந்துக்குள் வந்து சேர்வது நடக்கிற காரியமா? கனாயே மூட்டைகளை இறக்கிவிட்டு வண்டியை என் பக்கம் திருப்பினாள். "ஏறுங்க அக்கா. பச்சை பட்டனை அழுத்துங்க, மிதிங்க. அவ்வளவுதான்."

இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் வலித்தது. முத்திரையை எடுத்துக்கொண்டு மேட்டின் அடியில் வந்து நின்றேன். பட்டனை அழுத்தி முதல் மிதி மிதித்தேன். முதுகில் எவரோ கை வைத்துத் தள்ளியது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. ஐம்பத்தேழு வயதில் சின்னப்பிள்ளை மாதிரி தனியாகச் சிரித்தேன். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். மீன் கூட்டுறவுச் சங்கத் தலைவரைத் தாண்டும்போது வேண்டுமென்றே மணி அடித்தேன்.

ஐந்து மணி அடித்தபோது அறுபத்து மூன்று விண்ணப்பங்கள். தாள் தீர்ந்து, முனேத்தா கோயில் அலுவலகத்தில் போய் நகல் எடுத்து வந்தான். எண் போட நேரமில்லாமல் குவித்து வைத்ததால், ஐம்பதாவது முத்திரையைக் குத்தியது எவர் என்று இன்றுவரை ஊரில் சண்டை. நான்தான் என்று என் எண்ணம். நொமுரா தாத்தா ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் கனாயேயின் வண்டி வந்தது. கடுகு நிறம், முன்னும் பின்னும் பிள்ளைகளுக்கு இருக்கை. காலையில் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தால் அவள் முகம் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. ஐஸ் போடும்போது பாட்டுகூட வருகிறது. இவாகிரி கறுப்பு வண்டி வாங்கி, பின்னால் பெட்டி கட்டியிருக்கிறார். இது உதவிதான், மிதிப்பது நான்தான் என்று கேட்காதவர்களிடமும் சொல்கிறார்.

இரண்டாம் ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் மணிச் சத்தம். கனாயே பிள்ளைகளோடு நின்றாள். காப்பகத்துக்கும் மேலே, மலையின் நெற்றியில், கலங்கரை விளக்கம் இருக்கிறது. அவள் இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம். அதைக் கீழே இருந்து பார்த்ததோடு சரி.

"போலாமா அக்கா?"

நான் என் வண்டியை எடுத்தேன். காப்பகத்தைத் தாண்டியதும் சாலை குறுகியது, ஆரஞ்சுத் தோட்டங்கள் வந்தன, கொஹாரு பின்னால் உட்கார்ந்துகொண்டு இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று உத்தரவு போட்டாள். கடைசி வளைவில் மரங்கள் விலகின. கடல் மூன்று பக்கமும் விரிந்து கிடந்தது. எங்கள் துறைமுகம் உள்ளங்கை அளவு. கனாயே இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா," என்றான் ரிந்தாரோ, "அந்தப் பக்கம் இன்னொரு மலை இருக்கு பாரு. அங்க என்ன இருக்கு?"

"தெரியலடா" என்றாள் அவள். பேட்டரியின் அளவு காட்டும் விளக்கைக் குனிந்து பார்த்தாள். இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

"போய்ப் பாப்போமா?"