பாறைக்கட்சி

எடைமேடைக்கு முன்னால் இரண்டு வரிசைகள் நின்றன. ஓடைக்கரையில் வாசனைச் செடி அறுத்தவர்களின் கட்டுகள் பச்சைப்பசேலென்று கொழுத்திருந்தன. மலையின் மேல் சரிவில் அறுத்தவர்களின் கட்டுகளில் இருந்ததும் அதே காட்டுச் செடிதான். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் வெள்ளைக் கல்லிடுக்கில் முளைத்ததால் இலை சுருங்கி, தண்டு விறகாகியிருந்தது. மேல் சரிவுப் பெண்களுக்கு எண்ணெய் ஆலையில் 'பாறைக்கட்சி' என்று பெயர். அந்தக் கட்சிக்குத் தலைவி என்று கேலி செய்யப்படுபவளின் கட்டு மேடையில் ஏறியது. முள் நகரவே யோசித்தது.

"என்னம்மா, உள்ள காத்த வச்சுக் கட்டிட்டு வந்தியா?" என்றார் எடைக்காரர்.

"ஒரு தடவ ஏறிப் பாத்துட்டுப் பேசுங்கண்ணே. காத்தே கால் வலிக்குதுன்னு பாதியில திரும்பிடுது."

இரண்டு வரிசையும் சிரித்தன. எடைக்காரரும் சிரித்துவிட்டுக் குரலைத் தணித்தார். வாரக் கடைசியோடு மேல் சரிவை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். இந்த எடைக்கு ஆள் வைத்துக் கட்டுப்படியாகாதாம். ஓடைக்கரையிலோ ஏற்கெனவே ஆள் அதிகம்.

"அப்ப நாங்க?"

"என்ன கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?"

வீட்டில் அவள் கணவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஆலையில் செடியை ஆவியில் வேகவைத்து எண்ணெய் வடிக்கும் கொப்பரை அவர் பொறுப்பு. இந்த ஆண்டு எண்ணெய் கூடுதலாக இறங்குகிறது என்று அவருடைய படத்தை அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். போட்டோவில் கொஞ்சம் சிவப்பாக விழுந்திருப்பதாக அவருக்கு ஒரு மகிழ்ச்சி.

"படம் உங்களுது. எண்ணெய் யாரோடது?" என்றாள் அவள்.

"தீய அளவா வைக்கறதுன்னா சும்மாவா? கைப்பக்குவம்டி."

"போன வருசமும் இதே கைதானே? ஓடையில எப்பவும் தண்ணி ஓடுது. இந்த வருசம் காஞ்சு கெடக்கறது எங்க சரிவு மட்டுந்தான். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்காம ஒரே ஒருநாள் தனித்தனியா வடிங்க. பாத்துடுவோம்."

அவர் சோற்றைப் பிசைந்தார். அவள் சொல்வது நிஜமானால் சுவரில் இருக்கும் படத்துக்கு என்ன மரியாதை என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு உங்க கட்டுகளையெல்லாம் தனியா இறக்கச் சொல்லு" என்றார்.

மறுநாள் ஓடைக்கரைச் செடி முதலில் வெந்தது. கண்ணாடிக் குடுவையில் தண்ணீருக்கு மேல் எண்ணெய் மெல்லிய ஏடாக மிதந்தது. அடுத்து, அதே எடைக்கு மேல் சரிவுச் செடி. தீயை அவர் துளியும் கூட்டவில்லை. எண்ணெய் விரல் தடிமனுக்கு ஏறி நின்றது. மணமும் வேறு. முதல் எண்ணெயில் பச்சைப்புல் நெடி, இதில் மூக்கைத் துளைக்கும் காரம்.

சோதனைக்கூடத்து அம்மா இரண்டையும் கருவியில் ஏற்றிப் பார்த்துவிட்டு மேலாளரை அழைத்தார். "செடி ஒண்ணுதான் சார், எண்ணெய்தான் வேற. தண்ணி இல்ல, வெயில் சுடுது, மண்ணெல்லாம் சுண்ணாம்புக் கல்லு. பொழைக்கறதுக்காகச் செடி எண்ணெயை ஏத்திக்கிட்டிருக்கு. அந்தக் காரச் சத்து மேல் சரிவுல ரெண்டு பங்குக்கு மேல. மருந்துக் கம்பெனிக்காரங்க தேடற சரக்கு இது."

மேலாளர் கொப்பரைக்காரரின் தோளைத் தட்டினார். "உன் கையே கை."

"என் கை இல்லீங்க. என் சம்சாரமும் கூட இருக்கற பொம்பளைங்களும் ஏறி அறுத்துட்டு வந்தது."

சொல்லிவிட்டு அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். படம் மாட்டிய அன்றுகூட அப்படி நின்றதில்லை.

மேல் சரிவு நிற்கவில்லை. பாறைக்கட்சி ஜெயித்துவிட்டதென்று பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். அந்த எண்ணெய்க்குத் தனிக் குப்பி, தனி லேபிள், தனி விலை வந்தன. கூலி எண்ணெய்க்கா எடைக்கா என்று அவள் கேட்டபோது, "எடைக்குத்தாம்மா, எப்பவும்போல" என்றார் எடைக்காரர்.

விலை ஏறியதும் ஆலைக்குத் திருட்டுப் பயமும் ஏறியது. வெளியே போகிறவர்களின் கையை மோந்து பார்க்கச் சொல்லி வாசலில் காவலாளிக்கு உத்தரவு. ஓடைக்கரைப் பெண்கள் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். பாறைக்கட்சிக்காரிகள் சோப்பும் மண்ணும் போட்டுத் தேய்த்தும் அந்தக் காரம் போகவில்லை. அவள் மட்டும் கழுவாமலே வந்தாள்.

"நல்லா மோந்து பாருங்க. காலையிலேருந்து அறுத்த கை," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஓரமா நில்லும்மா. பையெல்லாம் பாக்கணும்."

பாறைக்கட்சிக்காரிகள் எல்லோரும் மதிலோரம் நிறுத்தப்பட்டார்கள். அப்போது கொப்பரைக்காரர் வந்தார். முழங்கைவரை எண்ணெயில் ஊறியிருந்தார். பத்தடி தூரத்திலேயே மணத்தது. காவலாளி ஒதுங்கி வழிவிட்டான்.

"நீங்க போங்கண்ணே."

அவர் வாசலைத் தாண்டவில்லை. மதிலோரம் போய், மனைவிக்கு அடுத்து நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.