கணினிக்குக் கணினி ஜனநாயகம்

எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். எங்கள் புதிய நிரல்மொழி எல்லா வகைக் கணினியிலும் ஓடும். எழுதுபவர் ஒன்றும் சொல்லாவிட்டால் எந்தக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்வது? இதை முடிவுசெய்ய நான்கு பேர் குழு ஏழு மாதமாகக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. குறிப்பெழுத நான். தலைவருக்குப் பட்டப்பெயர் 'முன்னுரை'. தும்முவதற்கும் ஒன்று வைத்திருப்பார்.

"ஒவ்வொரு கணினியும் தன் விருப்பப்படி. இதுதான் ஜனநாயகம்," என்றார் கடைசிக் கூட்டத்திலும்.

எதிர்த்தவள் அவருடைய மச்சினி. மொழியோடு சேர்ந்து வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பை, அதாவது அதன் நூலகத்தை, பராமரிப்பவள். சோதனைப் பதிப்பை நம்பிய ஓர் ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் பெயரெல்லாம் கேள்விக்குறியாகி, ஒருவரின் ரத்த முடிவு இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. முதல் பதிப்பு வெளியாகிவிட்டால் அப்புறம் மாற்றவே முடியாது.

"எல்லாக் கணினியிலயும் ஒரே குறியாக்கம், எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-எட்டு. அது முடிவாகாம நான் எழுந்திரிக்க மாட்டேன், அத்தான்."

"ஆபீஸ்ல அத்தான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி தலைவரே, எழுந்திரிக்க மாட்டேன்."

வாக்கெடுப்பு. அவரவர் கணினியில் காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும், எங்கள் மொழியில் எழுதிய நிரலே திறந்து காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார் முன்னுரை. அப்போதுதான் வரலாற்றில் நிற்குமாம்.

பெரிய திரையில் முதல் இரண்டும் தலைவருக்கு ஆமாம் போட்டன. மூன்றாவது அவளுடையது. நான்காவது திறந்ததும் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது.

"யாருய்யா இது? பொறுப்பே இல்லாம!"

"உங்களுது," என்றாள்.

"நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேனே!"

"வந்திருக்கே. ஒன்றரைப் பக்கம் கேள்விக்குறி. உங்க பழைய மடிக்கணினி தன் விருப்பப்படி எழுதிச்சு, இந்தத் திரையோட கணினி தன் விருப்பப்படி படிச்சுது."

"அதுக்கென்ன, வாயால சொல்றேன், எழுதிக்கோ."

"நீங்க பக்கத்துல இருக்கீங்க, சொல்றீங்க. ரத்தம் குடுத்துட்டு வீட்டுக்குப் போனவங்க ஒவ்வொரு கணினி பக்கத்துலயும் வந்து நின்னு பேரு சொல்லுவாங்களா?"

ஆமாம் போட்டவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் ஓட்டை மாத்திக்கிறேம்மா."

"எனக்கும் அதே," என்றார் அடுத்தவர், தலைவரைப் பார்க்காமலே.

மூன்றுக்கு ஒன்று. முன்னுரை தொண்டையைச் செருமினார். "எழுதிக்குங்க. தலைவரின் தொலைநோக்கால், ஆரம்பத்திலிருந்தே அவர் வலியுறுத்திவந்த..."

நான் எழுதிக்கொண்டேன். அவர் இரண்டாவது வாக்கியத்துக்கு மூச்சு வாங்குவதற்குள் அவள் நூலகத்தில் குறியாக்கத்தை முடிவுசெய்யும் ஒற்றை வரியை மாற்றி, வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தாள்.