ஈரக் கையோடு ரேம் மாற்ற முடியாது

நான் யுகேந்திரன், வயது இருபத்துநான்கு. பினாங்கில், பாயான் பாருவில், குகன் அண்ணன் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று மதியம் அண்ணனுக்குக் கொள்ளி வைக்கக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தேன். வாசலில் நூர் ஃபாத்திஹா என்ற மலாய்ப் பெண் நின்றாள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துவந்த அண்ணனிடம், ரேம் மாற்ற லேப்டாப் கொடுத்திருந்தவள். அவர் இறந்தது அவளுக்குத் தெரியாது. மூன்று மணிக்கு அவளுக்கு யுனிவர்சிட்டிப் பரீட்சை. பரீட்சைக்குப் பதிவு செய்த அந்த லேப்டாப்பில் மட்டும்தான் எழுத முடியும். மணி இரண்டேகால்.

அண்ணன் மேசையில் அது திறந்தே கிடந்தது. பழைய ரேமைக் கழற்றியவருக்குப் புதியதை மாட்டுவதற்குள் நெஞ்சு வலித்துவிட்டது.

"வேன் வந்தாச்சு. பொணத்த வச்சிக்கிட்டு கடை நடத்துறியா?" என்றார் அண்ணியின் சித்தப்பா கார்த்திகேசு.

"பத்து நிமிசம் மாமா. அண்ணன் ஒத்துக்கிட்ட வேல."

என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு போர்டில் விழுந்தாலும் போயிற்று. கொள்ளி வைக்கும்வரை துவட்டவும் கூடாது.

அண்ணன் பக்கத்திலிருந்து ரூபினி அண்ணி எழுந்தார்.

"நீ எந்திரிக்கக் கூடாது லா," என்றாள் ஒரு கிழவி.

அண்ணி நிற்கவில்லை. "தள்ளி நில்லு தம்பி. எப்படின்னு சொல்லு."

"சாச்சு உள்ள விடுங்க அண்ணி. இப்ப அமுக்குங்க."

ஒரு பக்கம்தான் இறங்கியது. காலையில் பெண்கள் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் போர்டின் ஓரத்தில் இடித்தன.

"வளையல் இடிக்குது. கழட்டுங்க அண்ணி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. ஒப்பாரி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்களே உடைக்க வேண்டிய வளையல்கள் அவை.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றித் திருகாணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கட்டைவிரல்களாலும் அமுக்கினார். கொக்கிகள் மாட்டும் சத்தம் கேட்டது. பேட்டரி வயரைச் செருகி ஆன் செய்தார்.

திரை கறுப்பாகவே இருந்தது.

"கெட்டுப் போச்சா?"

"இருங்க அண்ணி. புது ரேமு, மொத தடவ நேரமாகும்."

வேன்காரர்கூட உள்ளே வந்து நின்றார். திரையில் வெளிச்சம் வந்தது. அண்ணி அடிமூடியைப் பொருத்தித் திருகிக் கொடுத்தார். நூர் ஃபாத்திஹா அதை நெஞ்சோடு அணைத்து, அண்ணனைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அண்ணி வெறும் கையோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாவுக்கு வர முடியாமல் ஊரில் இருக்கும் எங்கள் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுகிறவர், வளையல் வரும் இடத்தில் நிறுத்தாமல் படித்துவிடுங்கள்.