நாற்பத்தைந்தின் ஆழம்

டெக்சஸின் பெக்கம் ஊரில் இடுப்பில் நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் முழங்கால் வரை தரைக்குள் புதைந்து நடப்பார்கள். ஒன்பது மில்லிக்காரர்கள் கணுக்கால் வரை. இருபத்திரண்டு என்றால் பூட்ஸின் அடி மட்டும். மழை தவறிய ஒரு வருடம் இது தொடங்கியது. மண், தார், சிமென்ட் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. தேவாலயத்தில் பலகைத் தளத்தைப் பிடுங்கிவிட்டுச் சரளைக்கல் கொட்டினார்கள். சிற்றுண்டிக் கடையில் முழங்கால்காரர்களுக்காகத் தாழ்வான மேசைகள் போட்டார்கள். அந்தக் கோடையில் பருத்தி விலை இறங்கியதைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசியது.

வெர்னா ஸ்டிட்ஹம் பஞ்சு ஆலையின் எடைமேடையில் லாரிகளை நிறுப்பவள். பின்னாளில் துப்பாக்கி வாங்கியதும் அதோடு அவளே மேடையில் ஏறிப் பார்த்திருக்கிறாள். முள் அவள் உடம்பையும் இரும்பையும் மட்டும்தான் காட்டியது. மீதிப் பாரம் தரைக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

அவளுடைய பழைய புருஷன் லைல், அவள் வலது மணிக்கட்டை உடைத்ததற்கும் வேறு சிலவற்றுக்குமாகச் சிறையில் இருந்தான். வெளியே வந்ததும் முதல் வேலையாக அவளைப் பார்க்கப்போவதாகத் தன் அக்கா மூலம் சொல்லியனுப்பினான். பார்ப்பது என்றால் என்ன என்று வெர்னாவுக்குத் தெரியும். மறுநாளே டப் கெட்சமின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். டப் அவளோடு பள்ளியில் படித்தவன்.

கடையில் முப்பது வருடமாக ஒரே சண்டைதான். இருபத்திரண்டுக்குத் தோட்டா மலிவு, உதைப்பு இல்லை, அதில் பழகிவிட்டுப் பெரியதை இடுப்பில் வை என்பார்கள் சிலர். எதை வைத்திருக்கிறாயோ அதிலேயே பழகு என்பார்கள் மற்றவர்கள். வெர்னா உள்ளே நுழைந்ததும் இரண்டு கட்சியும் அவள் பக்கம் திரும்பின. அவள் களைத்துப்போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

டப் அவளைப் பின்புறச் சுடுகளத்துக்கு அழைத்துப் போனான். இருபத்திரண்டில் குறிக் காகிதத்தின் நடுவைக் கிழித்தாள். ஒன்பது மில்லியில் மணிக்கட்டு சுளுக்கியது, குறி கொஞ்சம் தள்ளிப்போனது. நாற்பத்தைந்தில் ஒரே வெடியோடு கையை உதறிக்கொண்டாள்.

"இருபத்திரண்டையே இடுப்புலயும் வெச்சுக்கிட்டா என்ன?"

"வெச்சுக்க. அவனைக் கொசு கடிச்ச மாதிரி இருக்கும். சொறிஞ்சுக்கிட்டே வந்து உன்னை அடிப்பான்."

"அப்ப ஒன்பது."

"ஒன்பதுதான். கை வலிக்கும், பழகிக்குவ."

சுடுகளத்தில் யாரும் புதைவதில்லை, காகிதத்தைச் சுடும் துப்பாக்கிக்குப் பாரம் கிடையாது. பெக்கம்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அது: கை தாங்குகிறதா என்று மேசையில் பார்த்து வாங்குவார்கள், கால் தாங்குமா என்பதைத் தெருவில் இறங்கித்தான் தெரிந்துகொள்வார்கள்.

நான்கு வருடம் வெர்னா கணுக்கால் ஆழத்தில் நடந்தாள். சனிக்கிழமைகளில் இருபத்திரண்டில் பழகினாள், மற்ற நாட்களில் ஒன்பதைச் சுமந்தாள். மாடிப்படியின் பலகைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. தச்சனைக் கூப்பிட்டுப் புதிதாகப் போட்டாள், அதில் ஏறவில்லை. துப்பாக்கியைக் கழற்றிவிட்டு மேலே போகலாம்தான், ஆனால் கழற்றினால் தூக்கம் வராது. சமையலறை நாற்காலியில் பூட்ஸோடு கண்ணயர்ந்தாள். முட்டிகள் கிழவியின் முட்டிகளாயின. டப்பே ஒருநாள், "உன்னைப் பாத்தாலே எனக்குக் கால் வலிக்குது"  என்றான்.

பருத்தி எடுத்து முடிந்த ஒரு பிற்பகலில் லைல் வந்தான். இடுப்பில் நாற்பத்தைந்து. வண்டியைச் சாலையில் நிறுத்திவிட்டு முழங்கால் ஆழத்தில் நடந்தான். மற்றவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருப்பவர்கள். அவன் ஒரே ஒருத்திக்காக வைத்திருந்தான். வேலியருகே தொடை வரை போனான். வாசல் கேட்டில் இடுப்பு வரை. துப்பாக்கியை உருவக் கையைக் கொண்டுபோனதும் மார்பு வரை இறங்கினான், கைகளும் உள்ளே மாட்டிக்கொண்டன.

வெர்னா முன்கூடத்தில் நின்று அவன் தலைக்குக் குறிவைத்தாள். சனிக்கிழமைக் காகிதத்தைவிட அருகில் இருந்தது. கூடத்துப் பலகை மெல்ல முனகியது. குனிந்து பார்த்தாள். அவளும் முழங்கால் வரை இறங்கியிருந்தாள்.

"சுடேன் புள்ள. இவ்வளவு நாளா பழகினியே."

வெர்னா துப்பாக்கியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். கால்கள் தாமாக மேலே வந்தன.

"அதைக் கைலருந்து விட்டுரு, லைல். மேல வந்துருவ."

"நீ மொதல்ல விடு."

"நான் விட்டாச்சு."

அவன் விடவில்லை. ஷெரிஃப் டிராக்டரும் சங்கிலியும் கொண்டுவந்தார், சங்கிலிதான் அறுந்தது. விடு என்று அவரும் சொன்னார், பாதிரியாரும் சொன்னார். அந்த வாரம் டப் கடையில் புதிய சண்டை பிறந்தது: முப்பத்தெட்டு வைத்திருந்தால் இடுப்போடு நின்றிருப்பானா, மாட்டானா என்று. லைலின் அக்கா முதல் நாளே அவன் தலைக்கு மேல் ஒரு குடையை நட்டுவைத்தாள், பிறகு தினமும் வந்து ஊட்டிவிட்டுப் போனாள். தபால்காரர் வெர்னாவின் பெட்டியை வேலியின் மறுபக்கம் மாற்றினார். பிறகு லைலுக்கும் அந்த முகவரிக்கே கடிதம் வரத் தொடங்கியது.

லைல் வந்த அன்று ஷெரிஃப் போனதும் வெர்னா பூட்ஸைக் கழற்றினாள். மாடிப்படியில் கால் வைத்தாள், படி தாங்கியது. மேலே ஜன்னலைச் சாத்தப் போனவள், கீழே குடையைப் பார்த்துவிட்டுத் திறந்தபடியே விட்டுப் படுத்தாள். மறுநாள் லாரிகள் எடைமேடையில் நெடுநேரம் காத்திருந்தன. அவள் தூங்குகிறாள் என்று யாரோ சொன்னதும் ஓட்டுநர்கள் இன்ஜினை அணைத்தார்கள்.