நாற்பத்தொரு நடைவழிகள்

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்ற ஈமெயிலை மிருணாளினி இரண்டு தரம் வாசித்தாள். முதல் தரம் சந்தோஷத்தில் கடைசிப் பந்தியைக் கவனிக்கவில்லை. இரண்டாம் தரம்தான் அது கண்ணில் பட்டது. ஆய்வுக்குப் பயன்பட்ட தரவு முழுவதையும் எவரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுத் தளமொன்றில் வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கட்டுரை வெளிவராது. அன்று சனிக்கிழமை. மெல்பேர்ணுக்கு வெளியே, வெரிபீயில் காலையிலிருந்து மழைத் தூறல். குசினி மேசையில் பாதி உரித்த வெங்காயத்தைத் தள்ளிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கோப்பைத் திறந்தாள்.

காஸாவில் தறப்பாள் கூடாரங்களில் இருக்கும் நாற்பத்தொரு பெண்கள் விடியற்காலையில் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பும் வழிகள் அதில் இருந்தன. வழிகளைப் பதிந்தவை அவர்களுடைய கைத்தொலைபேசிகள். இணையம் இல்லாமலே இயங்கும் அந்தச் சின்னச் செயலியை எழுதியவள் ஹனீன். அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கணினித்துறை விரிவுரையாளர். பல்கலைக்கழகத்துக்கு இப்போது கட்டடம் என்று எதுவும் இல்லை. நடந்து திரும்பிய பெண்களிடம் எந்த இடத்தில் எவ்வளவு பயமாக இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டுப் பதிந்தவள் ரீம், உளவியல் படிப்பித்தவள். இடிபாடுகளால் ஒடுங்கிப்போன தெருக்களை அளந்து, எங்கே ஒதுக்கினால் ஆட்கள் தாராளமாக நடக்கலாம் என்று எழுதியது மிருணாளினி. மெல்பேர்ண் பல்கலைக்கழகமொன்றில் நகரத் திட்டமிடல் படிப்பிப்பது அவளுடைய வேலை. கட்டுரையின் தலைப்பில் மூன்று பெயர்கள் இருந்தன. ரீமின் பெயருக்கு மேலே சின்னதாக ஒரு குறி. பக்கத்தின் அடியில் அந்தக் குறிக்கு விளக்கம்: காலமாகிவிட்டார்.

சூட்டுச் சத்தம் கிட்டக் கேட்கும் இடங்களில்தான் பெண்கள் அதிகம் பயப்படுவார்கள் என்று மூவரும் நினைத்திருந்தார்கள். கணக்கு வேறு மாதிரி வந்தது. இரண்டு பக்கமும் இடிபாடு உயர்ந்து, முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல், திரும்பி ஓடவும் வழியில்லாத ஒடுக்கங்களில்தான் ஐந்து என்ற எண் விழுந்திருந்தது. அந்த ஒடுக்கங்களைத் தவிர்க்கப் பெண்கள் நிறைந்த கலன்களோடு இரண்டு கிலோமீற்றர் சுற்றி நடந்தார்கள். மூன்றே மூன்று இடங்களில் கொங்கிறீற்றை ஒதுக்கினால் போதும் என்று கட்டுரை சொன்னது. அந்த மூன்று இடங்களைச் சொல்ல வேண்டுமென்றால் வழிகளைக் காட்டத்தான் வேண்டும்.

ஒவ்வொரு வழியும் ஒரு புள்ளியில் தொடங்கியது. அந்தப் புள்ளி, ஒரு பெண்ணின் கூடார வாசல். நாலைந்து மீற்றர் முன்பின்னாக இருக்கலாம், அவ்வளவுதான். பக்கத்தில் அவள் புறப்படும் நேரம். ஐந்து பத்து, ஐந்து இருபத்திரண்டு, ஐந்து நாற்பது. மிருணாளினி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு மாதமாகப் பழகிய கோப்புத்தான். அதை முன்பின் தெரியாத ஒருவனுடைய கண்ணால் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் மூன்று மணிக்கு ஹனீனை அழைத்தாள். அங்கே காலை எட்டு. படம் வராது, குரல் மட்டும். குரலுக்குப் பின்னால் விடாத ஓர் இரைச்சல். வானத்தில் சுற்றும் அந்த ஆளில்லா விமானத்துக்கு அங்குள்ளவர்கள் ஸனானா என்று பெயர் வைத்திருந்தார்கள். யுத்தகாலத்தில் வன்னியில் இருந்தபோது மிருணாளினியின் சனம் அதை வண்டு என்றது. இந்த எட்டு மாதத்தில் அதை அவள் ஹனீனுக்குச் சொன்னதில்லை. இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள்.

"புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்திவிடலாமா? ஐந்நூறு மீற்றர் அங்கே இங்கே?"

"ஐந்நூறு மீற்றர் நகர்த்தினால் சில பெண்கள் கடலுக்குள் நடப்பார்கள்," என்று ஹனீன் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மிருணா, எங்கள் தலைக்கு மேலே நிற்பதற்கு இது எல்லாம் தெரியும். என் வாசலில் எத்தனை செருப்பு என்றும் தெரியும். தெரியாதவர்கள் உங்கள் சஞ்சிகையை வாசிப்பவர்கள்தான். இடிபாட்டை ஒதுக்கும் இயந்திரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்களுக்கு எந்த மூலை என்று தெரிய வேண்டும். ரீம் இதற்காகத்தான் கூடாரம் கூடாரமாகப் போனாள்."

இணைப்பு அறுந்த பிறகும் அந்த இரைச்சல் காதுக்குள் கிடந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவன் சுபாங்கனுக்குச் சொன்னாள். அவன் படகில் அகதியாக வந்தவன். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் இருந்து, இப்போதுதான் நிரந்தர வதிவிடம் கிடைத்து, குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தான். கடிதப்பெட்டியில் அரசாங்க உறை எதைக் கண்டாலும் இன்னமும் உடனே பிரிக்கமாட்டான். முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான்.

"உம்மட கொன்ட்ராக்ட் டிசம்பரோட முடியுது," என்றான். "என்ர சிற்றிசன்ஷிப் பேப்பர் இன்னும் அவையின்ர மேசையில கிடக்குது. லிஸ்ட்டில பேர் ஒருக்கா ஏறினா இறங்காது."

"இது தண்ணி அள்ளப் போற பாதையைப் பற்றின கட்டுரை."

"அது எனக்குத் தெரியும். வாசிக்கிறவனுக்குத் தெரியுமோ?"

அவன் கோபத்தில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, நாளைக்கு மழை வருமோ என்று கேட்பதுபோலத்தான் கேட்டான். அதனால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தன் பயம் எது, அவனுடைய பயம் எது என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். வேலை போனால் வீட்டுக் கடன். அந்தப் பயம் தெளிவாக, எண்ணக்கூடியதாக இருந்தது. மற்றது அப்படியில்லை. அது வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரையாக, அதன் மேல் பெயின்ற்றால் கீறிய சிவப்புச் சிலுவையாக வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணனுக்கு ஃபோன் எடுத்தாள். அருந்தவன் சிட்னியில், லிட்கம் பக்கத்தில், பொதிகள் பிரிக்கும் வெயார்ஹவுஸ் ஒன்றில் வேலை. கடைசி யுத்தத்தின்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் இயங்கிய ஆஸ்பத்திரியில் மருந்துக் களஞ்சியத்தைப் பார்த்தவன். அந்த நாட்களைப் பற்றி அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. பிள்ளைகள், கார், மரக்கறி விலை என்று கதைத்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

"அண்ணா, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தை அனுப்பினது நீங்கள்தானே?"

அந்தப் பக்கம் ஏதோ வாகனம் பின்னுக்குப் போகும் பீப் பீப் சத்தம்.

"ஓம். நான்தான் ஜி.பி.எஸ். பிடிச்சனான். இடம் தெரிஞ்சா ஆமிக்காரர் அடிக்கமாட்டாங்கள் எண்டு டொக்டர் சொன்னவர். சற்றலைற் ஃபோனில செஞ்சிலுவைக்கு நம்பரை வாசிச்சதும் நான்தான். ரெண்டு தரம் வாசிச்சனான், பிழை வந்திடக்கூடாதெண்டு."

"அனுப்பாமல் விட்டிருந்தா?"

"அனுப்பாட்டிலும் ஷெல் விழுந்திருக்கும். அனுப்பினபடியாத்தான் விழுந்ததெண்டும் சொல்லலாம். பதினாறு வருசமா ரெண்டையும் மாறி மாறித்தான் யோசிக்கிறன், மிருணா. காலமை ஒண்டு, பின்னேரம் மற்றது." மூச்சு விட்டான். "ஒண்டு மட்டும் தெரியும். உள்ளுக்க கிடந்தவை ஒருத்தரையும் நான் கேக்கேல்லை. நேரம் இருந்தது. கேக்கலாமெண்டு எனக்குத் தோன்றவேயில்லை. சரி, சுப்பவைசர் வாறான். நான் பிறகு எடுக்கிறன்."

அவன் பிறகு எடுக்கவில்லை. எடுக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தின் பொதுக் குசினியில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவள் ஹனீனுக்கு எழுதினாள். அந்தப் பெண்கள் ஆய்வுக்குச் சம்மதித்தார்கள். உலகம் முழுக்கப் பார்க்கும் தளத்தில் தங்கள் வாசல் இருக்கப் போகிறதென்று அவர்களுக்குச் சொன்னோமா? திரும்ப ஒருமுறை கேட்க முடியுமா? எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானதுபோல இருந்தது. சரியானதைச் செய்துவிட்ட நிம்மதி. அனுப்பியதற்கு இரண்டு நீலச் சரிக்குறி விழுந்தது. வாசித்துவிட்டாள்.

பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை காலையில்தான், வெரிபீயிலிருந்து புறப்பட்ட ரெயினில், ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்கும்போது அவளுக்கு அது உறைத்தது. கேட்டு வா என்றால் யார் போய்க் கேட்பது? ரீம் இல்லை. நாற்பத்தொரு கூடாரங்களும் ஒரே இடத்தில் இல்லை. ஹனீன் நடந்துதான் போக வேண்டும், கட்டுரையில் ஐந்து என்று எண் போட்ட அதே ஒடுக்கங்களுக்குள்ளால். மெல்பேர்ணில் ஹீற்றர் போட்ட அறையில் இருந்துகொண்டு, தன் மனம் அடங்குவதற்காக அவளை அங்கே அனுப்பிவிட்டோமே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், இருக்கை வேண்டுமா, முகம் வெளிறியிருக்கிறதே என்று கேட்டாள்.

அன்று அவள் எடுத்த வகுப்பு என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெருக்களின் அகலம் பற்றித்தான் இருக்க வேண்டும். இடைவேளை ஒவ்வொன்றிலும் செய்தித் தளங்களைத் திறந்தாள். இடங்களின் பெயர்கள் வந்தன, எண்கள் வந்தன, ஆட்களின் பெயர்கள் வரவில்லை. ஹனீனின் பெயருக்குக் கீழே, கடைசியாகப் பார்த்தது திங்கட்கிழமை என்று நின்றது. திரும்பி வரச் சொல்லி எழுதினாள். போகாதே என்று எழுதினாள். கேட்க வேண்டாம், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதினாள். எல்லாவற்றுக்கும் ஒரேயொரு சாம்பல் சரிக்குறி; ஒன்றும் போய்ச் சேரவில்லை. வியாழக்கிழமை சஞ்சிகை ஆசிரியருக்கு இரண்டு கிழமை அவகாசம் கேட்டு எழுதினாள். காரணம் என்ற இடத்தில், இணையாசிரியரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று போட்டாள். அரைமணிக்குள் பதில் வந்தது. எவ்வளவு நாள் தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஹனீனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அவர்களும் பயந்துவிட்டார்கள் என்று விளங்கியது.

வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை அவள் எழும்புவதற்கு முன்பே சுபாங்கன் அவளுடைய ஃபோனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, தலைமாட்டில் வைத்திருந்தான்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அது ஒலித்தது. ஒரு கொப்பித் தாளின் படம். நாற்பத்தொரு வரி, பென்சிலால். கீழே ஹனீன் எழுதியிருந்தாள்: "ஆறு நாள் நடந்தேன். நீங்கள் கேட்டது சரி. எனக்கு அது கோபமாக இருந்தது, ஆனால் சரி. போடுங்கள் என்று இருபத்துநாலு பேர் சொன்னார்கள். ஒருத்தி, என் பெயரையும் போடு என்றாள். ஆறு பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். பதினொரு பேரைக் காணவில்லை. நாலு கூடாரங்கள் இடம் மாறிவிட்டன என்கிறார்கள். மற்ற ஏழு பேரைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. தேடுகிறேன்."

மிருணாளினி குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். சுபாங்கன் வந்து தோளுக்கு மேலால் தாளைப் பார்த்தான்.

"உயிரோட இருக்கிறாவோ?"

"ஓம்."

அவன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்தான். "எடுக்கச் சொன்ன ஆறும் எது? நான் நம்பரை வாசிக்கிறன், நீர் திருப்பிச் சொல்லும். ஒண்டும் மாறி அழிபடக்கூடாது."

அவன் ஃபோனில் இருந்த தாளைப் பார்த்து எண்ணை வாசித்தான். அவள் திரையில் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லி அழித்தாள். ஆறு கோடுகள் ஒவ்வொன்றாக வரைபடத்தை விட்டுப் போயின. ஒவ்வொன்றும் போனபோது ஒரு வாசல் இருட்டுக்குள் ஒளித்துக்கொண்டதுபோல இருந்தது. மிச்சம் பதினொன்று. சம்மதம் கிடைத்தவற்றை மட்டும் போட்டால் மூன்று மூலைகளில் ஒன்றுக்கு ஆதாரம் இல்லாமல் போகும். அந்த மூலையால் நடந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பதினொரு பேர்தான்.

"இல்லாத ஆக்களுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?" என்றாள்.

"எனக்குத் தெரியாது," என்றான் சுபாங்கன். பிறகு திரையை எட்டிப் பார்த்து, "கட்டுரையில உம்மட பேரை முழுசாப் போட்டிருக்கிறீரோ, இனிஷியலோட விட்டிருக்கிறீரோ?"

"முழுசா."

அவன் தலையை ஆட்டினான். தாளின் படத்தைத் தன் ஃபோனுக்கும் அனுப்பச் சொன்னான். ஒரு பிரதியாவது இருக்கட்டும் என்றான்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அவள் ரெயினில் வரும்போது, நியூபோர்ட் ஸ்டேஷன் தாண்டியதும் ஹனீனிடமிருந்து ஒரு செய்தி. "பதினொன்றில் ஒருத்தியைக் கண்டுபிடித்தேன். ஸமீரின் தாய், உம் ஸமீர் என்று கூப்பிடுவார்கள். இருபத்தேழாம் வழி. எழுதத் தெரியாது, குரலாகத் தந்திருக்கிறாள். மொழிபெயர்த்து அனுப்ப..." அதற்கு மேல் இல்லை. இணைப்பு அறுந்திருக்க வேண்டும். கீழே நாற்பது விநாடிக் குரல் பதிவு.

மிருணாளினி இயர்ஃபோனை மாட்டி அழுத்தினாள். வெளியே, தண்டவாளத்துக்கு அப்பால், புதிது புதிதாக எழும்பும் வீடுகளின் மரச்சட்டங்கள் குளிர்கால வெயிலில் நின்றன. காதுக்குள் முதலில் அந்த இரைச்சல். பிறகு நடக்கும் காலடி. கலனுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம். வயதான குரல் இல்லை, அவள் நினைத்ததைவிட இளம் குரல். மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்தி, யாருக்கோ அறிவுரை சொல்வதுபோலப் பேசியது. அரபியில் மிருணாளினிக்குத் தெரிந்தது பத்துப் பதினைந்து சொற்கள். அதில் ஒன்று 'லா'. இல்லை, வேண்டாம் என்று அர்த்தம். அது இரண்டு தரம் வந்தது. இரண்டாம் தரம் அழுத்தமாக. போடவேண்டாம் என்கிறாளா, எடுத்துவிடவேண்டாம் என்கிறாளா?

பதிவு முடிந்தது. லவர்ட்டனில் கதவு திறந்து, ஆட்கள் இறங்கி, ஏறி, கதவு மூடியது. அவள் மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தேழாம் வழியில் ஒரு பெண் தண்ணீரைச் சுமந்துகொண்டு, நிற்காமல், பேசிக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள்.